ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்கு இறங்கியவள்

சின்னவள் விமானம் ஏறியது ஒரு புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாளைக் குறித்தது அம்மா. தூரத்தைக் குறைத்தது மூத்தவள்.

மூத்தவளுக்கு விமான டிக்கெட் போட்டுத் தரும் அலுவலகத்தில் வேலை. ஊரையே வழியனுப்பியவள் தான் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. ஆனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல எப்போதும் பறப்பாள். அலுவலகத்தில் அவள் பெயரே 'வெந்நீர்'.

தங்கைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "எனக்கு ஒண்ணுன்னா, காலைல கிளம்பி மதியத்துக்குள்ள வந்து நிக்கணும். அந்தத் தூரம்னா போகட்டும்."

தூரமோ ஒன்பதாயிரம் கிலோமீட்டர். பதினோரு மணி நேரப் பயணம். மூத்தவள் டிக்கெட்டைக் காட்டினாள். "பாரும்மா, ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்கு இறங்கிடுவா."

அச்சடித்திருந்ததும் அப்படித்தான். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்து என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

"மூணு மணி நேரமா? இதுக்கா இந்த அழுகை அழுதேன்!"

புதன்கிழமை ஒன்பது அடித்ததும் அலுவலகத்துக்கு அம்மாவின் அழைப்பு வந்தது.

"இறங்கிட்டாளா?"

"பெட்டி வரணும்மா."

பத்து மணிக்கு, "பெட்டி என்ன நடந்தா வருது?"

பன்னிரண்டுக்கு, "அங்கே பெரிய வரிசைம்மா."

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் இன்னிக்கேவா வந்து இறங்கினாங்க?"

மூத்தவள் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். திரையில் விமானம் நடுக்கடலில் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "அது தானா இறங்கும் வெந்நீர். நீ முதல்ல இறங்கு."

ஐந்தரைக்குத் தங்கையின் குரல் கேட்ட பிறகுதான் அம்மா அன்றைய முதல் வாய்ச் சோறு உண்டாள். அலுவலகத்திலிருந்து ஓடிவந்த மூத்தவள் எதிரில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். "நல்லவேளை, பக்கத்துலதான் இருக்கா" என்று அம்மா தட்டைக் கழுவப் போய்விட்டாள். அதோடு, தங்கையும் வாய் திறக்காததால், அந்தப் பொய் வீட்டில் ஒரு ஆளாகவே தங்கிவிட்டது.

நாலு வருடம் கழித்துச் சின்னவளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க அம்மா பெட்டி கட்டினாள்.

"அதே மூணு மணி நேரம்தானே?"

"ஆமாம்மா" என்றாள் மூத்தவள், பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டே.

அம்மா விமானம் ஏறிய அன்று அவளால் ஒரு டிக்கெட்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. ஒன்பது மணி ஆனதும் மறுபடி நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். இந்நேரம் தன்னந்தனியே வானத்தில் அம்மா யாரைக் கேட்பாள்? தெரிந்த பிறகு தன்னோடு பேசுவாளா?

மாலை ஆறு மணிக்கு, தங்கையின் போனிலிருந்து அம்மாவின் குரல் வந்து விழுந்தது.

"ஏன்டி, உன் மூணு மணி நேரத்துல ரெண்டு தூக்கம் தூங்கிட்டேன், மூணு வேளை தின்னுட்டேன், கால் ரெண்டும் பூசணிக்காயா வீங்கிடுச்சு. வந்து வச்சுக்கறேன் உன்னை. குழந்தை உன் ஜாடைதான், ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது. நீயும் ஒரு டிக்கெட் போட்டுக்கிட்டு வா. தூரத்தை மட்டும் இந்தத் தடவை முழுசா சொல்லு."