நான் அடிக்காத கோல்

எங்கள் ஊர்க் கழகம் இறுதியாட்டத்துக்கு வந்த வருடம், நான் ஆடமாட்டேன் என்று சொன்னேன். அன்றோடு, பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் ஊர்க்காரரிடையே என் பெயர் கெட்டது. எங்கள் ஊர் என்பது யாழ்ப்பாணத்தில் அப்பா பிறந்த ஊர். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. இங்கே கோடையில் நடக்கும் தமிழர் உதைபந்தாட்டப் போட்டியில் ஊருக்கோர் அணி. அந்த ஊர்க்காரரின் பிள்ளைகள் மட்டுமே ஆடலாம்.

அப்போது நான் பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு தொழில்முறைக் கழகம் என்னைத் தேர்வுக்கு அழைத்திருந்தது, இறுதியாட்டத்துக்கு மறுவாரம். எங்கள் ஆட்களோ பந்தைவிடக் காலைத்தான் அதிகம் உதைப்பார்கள். முந்தின வருடம் முழங்காலில் தசைநார் அறுந்த எங்கள் அணிக்காரன் ஒருவனுக்கு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஊர்க் கழகத் தலைவர் புறநகர்ப் பொண்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, ஊர் மானம் உன்ரை காலிலைதான் கிடக்கு."

"கால் போனா ஊர் தருமோ, மாமா?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இறுதியாட்டம் வரை என்னோடு பேசவில்லை.

எங்கள் அணி ஒரே கோலில் வென்றது. அடித்தவன் ஸ்தேன் என்ற இன்னொரு புறநகரிலிருந்து பிடித்து வந்த ஒரு பாண்டிச்சேரிக்காரன். விதியை ஏய்க்க அவனை என் பெயரில் இறக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரையும் சொல்லி, அவருடைய புதல்வன் என்று முழங்கினார்களாம். ஊர் மானத்தை அந்த லட்சணத்தில் காப்பாற்றினார்கள்.

மறுநாள் பை தூக்க அம்மா என்னையும் அப்பாவோடு கடைக்கு அனுப்பினார். மைதானத்துக்கு வராத கடைக்காரருக்கும் செய்தி எட்டியிருந்தது.

"அண்ணை, உங்கடை பொடியன் கலக்கிப்போட்டான்!"

அப்பா என் தோளில் கை போட்டார். "ஓம், கஷ்டப்பட்டவன்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கியதும் கேட்டேன்: "அது நானில்லை எண்டு சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"என்ரை மகன் வரேல்லை எண்டு சொல்லச் சொல்லுறியோ?" கையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

மறுவாரம் தேர்வில் என்னை எடுத்துக்கொண்டார்கள். அம்மா அழுதார். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். அந்தக் கழகத்துக்காக எத்தனையோ ஆட்டங்கள் ஆடிவிட்டேன். ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. கடையில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் இன்றும் அந்த இறுதியாட்டத்துக் கோலைத்தான் சொல்கிறார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.