நீலப் பொத்தானின் இடம்

தையற்கடையின் வெட்டுமேசைமீது பொத்தான்களைப் பரப்பிவிட்டு, முகவாயைக் கையில் தாங்கி, அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் சின்னவள். இப்போதுதான் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு கல்லூரி. வெள்ளைச் சட்டைப் பொத்தான் அடுத்த தெருவிலேயே இருப்பது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். பழுப்பு நிறத்தது பேருந்தில் போய்வரக்கூடியது. தடித்த நீலக் கண்ணாடிப் பொத்தானோ, கடலோர நகரத்தில் கட்டட வடிவமைப்புக் கற்றுத்தரும் கல்லூரி. வெளிச்சம் ஊடுருவுவது அது ஒன்றில்தான்.

மதிப்பெண் வந்த நாளிலிருந்து பிற்பகல்தோறும் இதுவே வேலை. தாயின் தையல் இயந்திரம் சீராக ஓடும்போது, கண் திறந்தபடியே அவளுக்குக் கனவு வரும். இரைச்சல் அலையோசையாகும், சன்னல் வெயில் எங்கோ ஒரு சாய்வுமேசைமேல் விழும், அட்டையில் தான் செய்த சிறு வீட்டுக்குள் தானே குனிந்து நுழைவாள். நூல் அறுந்தால் வீடும் இடிந்துவிடும். தாய் மறுபடி நூல் கோக்கும் வரையில் மதிப்பெண் கணக்கு.

கணக்கிலும் அவள் தையற்காரி மகளே. எந்தத் துணியானாலும் உள்ளே சற்று மடித்து விட்டுத் தைப்பது அந்தக் கடையின் வழக்கம், பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அவளும் தன் மதிப்பெண்ணில் கொஞ்சத்தை உள்ளே மடித்துவிட்டுத்தான் ஒப்பிடுவாள். சென்ற ஆண்டு நீலக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணும் அவளுடையதும் ஏறத்தாழ ஒன்றே. மடித்தபின் எட்டாது. ஆகவே வெள்ளை முதலிலும் நீலம் கடைசியிலும் கிடக்கின்றன.

விருப்ப வரிசையைப் பதிவுசெய்ய இன்று மாலையே கடைசி. மேலிருந்து பார்த்து, மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் முதற்கல்லூரியை ஒதுக்கிவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"வெள்ளையை மேல வச்சா அதுதான்டி கிடைக்கும். அப்புறம் நீலத்தை எதுக்கு வச்சிருக்க, அழகுக்கா?" என்கிறாள், பொத்தான் துளைகளுக்குக் காஜா தைத்துக்கொண்டிருக்கும் அக்கா.

"மொதல்ல வச்சு, இல்லன்னுட்டா?"

"இல்லன்னா அடுத்ததைக் குடுப்பாங்க. கேக்குறதுக்குக் காசா பணமா?"

"அதில்லக்கா... கடைசில கெடக்குற வரைக்கும், அது எனக்கு இல்லன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல."

அக்காவின் ஊசி ஒரு கணம் நிற்கிறது. "நல்லா இருக்குடி உன் நியாயம். உன்னையே இப்படி மடிச்சு மடிச்சுத் தச்சுக்கிட்டிருந்தா, நாளைக்குக் கைகூட நுழையாது."

தாய் இயந்திரத்தை நிறுத்துகிறாள். "போதும் உங்க வழக்கு. தலையணை உறைக்கு ஒரு பட்டன் குறையுது. சின்னவளே, அதுல ஒரு காலேஜை இப்படித் தள்ளு." திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுகிறாள்.

"எந்தக் காலேஜும்மா?"

"எதுவா இருந்தா என்ன? தலையணைதானே படிக்கப்போகுது!"

அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். சின்னவளின் விரல் நீலத்தின்மேல் போய் நிற்கிறது. இயந்திரம் ஓடாததால் அலையோசை இல்லை. ஆனாலும் கண்ணாடிக்குள் வெளிச்சம் அசைகிறது. நீட்டிய கை காத்திருக்கிறது.

வெள்ளையை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைக்கிறாள். பிறகு, காலியான முதலிடத்தை நோக்கி, மற்றப் பொத்தான்களில் இடிபடாமல், நீலத்தை ஒற்றை விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறாள்.