கோட்டுக்குள்ள தச்ச தோட்டா

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுல எங்க ஊட்டுக்காரர் வாட்சர். யானை, காட்டுப்பன்னி இறங்கினா வெடி போட்டு விரட்ட எஸ்டேட் துப்பாக்கி அவர் கையிலதான் இருக்கும். அங்க துப்பாக்கி தூக்குறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. தோட்டா தீர்ந்து நிக்கிற நேரத்துல யானை வந்துட்டா என்ன பண்றதுன்னு, கோட்டு உள்பையில ஒண்ணைத் தனியாப் போட்டு வாயைத் தச்சிருவாங்க. உசுருக்கு ஆபத்துன்னாத்தான் பிரிக்கணும். இவருக்கு அந்த அவசியமே வரலை. அது அங்க கிடக்கிறதே மறந்துபோச்சு.

டில்லியில நர்ஸ் வேலை பார்த்த எங்க ஒரே பொண்ணு மஞ்சக்காமாலையில படுத்துட்டா. ஈரல் கெட்டுப்போச்சு, உடனே வாங்கன்னு ஆஸ்பத்திரியில இருந்து போன். அவளும் பேசினா. சாகக் கிடக்கிறவ, அப்பனுக்குக் குளிருமேன்னு கவலைப்பட்டா பாருங்க!

"அப்பா, இங்க நடுங்குது. உங்க வேட்டைக் கோட்டைப் போட்டுட்டு வாங்க."

பன்னி விரட்டுற கோட்டுக்கு அவ வெச்ச பேரு அது. சின்னதுல அதுக்குள்ளதான் சுருண்டு தூங்குவா.

துப்பாக்கி, தோட்டா எல்லாத்தையும் ஆபீசுல ஒப்படைச்சுட்டுத்தான் கிளம்பினார். அதுல அத்தனை கறார். நானும் கூடவே கிளம்பினேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல கோட்டைக் கழட்டி மெசினுக்குள்ள விட்டதும் அதை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. தையலைப் பிரிச்சா, செவப்புத் தோட்டா ஒண்ணு தட்டுல விழுந்தது. அப்பத்தான் அந்த மனுசனுக்கு அது அங்க கிடந்ததே நெனப்பு வந்தது.

லைசென்ஸ் எஸ்டேட்டுல இருக்குது. அது மலையிறங்கி வந்து போலீஸ் பார்க்கிற வரைக்கும் இவரை விட முடியாதுன்னுட்டாங்க. மக நிலைமையைச் சொல்லி அழுதேன், கும்பிட்டேன், கடைசியில கத்தவும் செஞ்சேன். இவர்தான் கோட்டையாவது கொடுங்கன்னு கேட்டு வாங்கி என் கையில திணிச்சார்.

"நீ போ. பின்னாலயே வர்றேன்னு அவகிட்டச் சொல்லு."

நான் போனப்ப அவளுக்குக் கண்ணு சரியாத் திறக்கலை. கோட்டைப் போர்த்திவிட்டேன். அதுல மூஞ்சியைப் புதைச்சு மூச்சை இழுத்தா.

"அப்பா வந்துட்டாரா?"

வந்துட்டார் கண்ணுன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

மறுநாள் இவர் வந்து சேர்ந்தப்ப அவ முகத்தை மூடியிருந்தாங்க. தன்னைக் கேட்டாளான்னு மட்டும் என்கிட்டக் கேட்டார். ஆமா கேட்டா, நீங்க வந்துட்டீங்கன்னு சொல்லிட்டேன்னேன். அதுவரைக்கும் அழாம நின்னவர் அப்படியே தரையில உட்கார்ந்து அழுதார். அப்புறம் எந்திரிச்சு, என் மடியில கிடந்த அந்தக் கோட்டை எடுத்து அவ மேலயே போர்த்திவிட்டார்.