எண்ணெய் மிதந்த கண்

இந்திராவதி சித்தி லாமியிலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் தீவின் தலைநகரான சுவாவுக்குப் போய் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர். அவளும் கூட வேலை பார்த்த டாக்டர் உர்மிளாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒருத்தி மற்றவளைக் கூப்பிடுவாள். 2006 டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாட்டைவிட்டுக் கிளம்பிய பலரைப் போல, சில மாதங்களில் உர்மிளாவும் ஆக்லாந்து போய்விட்டாள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, சித்தி வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும் தனியாகத்தான் இருந்தாள். எனக்குப் புரியுமா என்று கேட்காமலே படங்களைப் பற்றிப் பேசினாள்.

சபேட்டோ என்ற ஊரின் கரும்பு விவசாயி சுரேந்திராவின் கதை அப்படிக் கேட்டதுதான். விசா வேலையாகச் சுவா வந்தவர் பஸ் நிலையத்தில் வழுக்கி விழுந்தார். ஸ்கேனில் மூளைக்கு ஒன்றுமில்லை. வலது கண்ணுக்குள் மட்டும் வெள்ளையாக ஏதோ நிறைந்திருந்தது.

"ரத்தம்தானே? சாயங்காலமே ஆபரேஷன் பண்ணிக் கண்ணைத் திறந்துடலாமா?" என்று அவசரப் பிரிவு டாக்டர் போனில் கேட்டார்.

சித்தி தயங்கினாள். மல்லாந்து படுத்தவரின் கண்ணில் ரத்தம் அடியில் தங்க வேண்டும். இது மேலே நின்றது. பிரிந்த விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவார்கள், எண்ணெய்தான் மிதக்கும். தவறாகச் சொன்னால் அவர் கண் போய்விடும். கேட்கப் பக்கத்தில் ஆளில்லை.

"மாமா, கண்ல ஆபரேஷன் செஞ்சீங்களா?"

"சே சே, கபி நை, ஒருநாளும் இல்ல. நல்ல கண்ணு டாக்டரம்மா." மகள் அஞ்சீதா வாசலில் நின்றிருந்தாள்.

"அப்போ குப்புறப் படுங்க."

"விழுந்ததே அப்படித்தான். இன்னொரு தரமா?"

இரண்டாவது படத்தில் வெள்ளை இடம் மாறி, இப்போது மேற்புறமாகிவிட்ட விழியின் பின்பக்கம் போயிருந்தது. மிதந்தது எண்ணெய்தான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதாதீங்கம்மா. ஆஸ்திரேலியா போகப் பேப்பர் போட்டிருக்கு. கெட்ட கண்ணுன்னா உள்ள விடமாட்டானாம், ஊரே சொல்லுது."

"எழுதலன்னா இன்னிக்கே அறுத்துடுவாங்க."

எழுதினாள். ஆபரேஷன் நின்றது. விஷயம் தெரிந்ததும் அஞ்சீதா தகப்பனைக் கேள்வி கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"பப்பா, மெட்ராசுக்குச் சாமி கும்பிடத்தானே போனீங்க?"

"கும்பிட்டேனே. ஒத்தக் கண்ணால."

சித்தி வாய்விட்டுச் சிரித்தாளாம். அறைக்குத் திரும்பியபோது அதைச் சொல்ல யாருமில்லை.

கண்ணைக் காரணம் காட்டி ஒருவரும் சுரேந்திராவைத் தடுக்கவில்லை. ஆஸ்திரேலியா புறப்படுமுன் போன் செய்து, "டாக்டரம்மா, நீங்க எப்போ கெளம்புறீங்க?" என்று கேட்டார்.

"படம் காத்திருக்கு மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் சித்தி.