உடைய மறுத்த 5882353

பார்சலைத் தூக்கியதும் அவர் முகவரியைப் பார்ப்பதில்லை. லேபிளில் உள்ள ஏழு இலக்க எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். "4172382... கூட்டினா இருபத்தேழு. ஒன்பது வீட்டுப் பிள்ளை நீ, போ!" பிறகுதான் முகவரி, அதற்குரிய பை. அடுத்தது ஐந்தில் முடிகிறது. "உன்னை உடைக்க நான் எதுக்கு?" என்று அதன் தலையிலும் ஒரு தட்டு.

பார்சல் அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் 'பகா அக்கா'. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாததுதான் பகா எண். பெரிதாக ஒன்று சிக்கினால் அன்று மொத்தக் கூடத்துக்கும் அவர் செலவில் தேநீர். படித்தது எட்டாவது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு சரி. "நாலு இருக்கே, போதாதா?" என்பார்.

அவர் கைக்கு 5882353 வந்து சேர்ந்தது. மூன்றால் உடையவில்லை, ஏழு, பதினொன்று, எதற்கும் மசியவில்லை. உறுதியாகச் சொல்ல, தன்னாலேயே பெருக்கினால் அந்த எண்ணைத் தாண்டாத 2425 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்தாக வேண்டும். மொத்தம் முந்நூற்று அறுபது. நாற்பத்து மூன்று நாள், கிடைத்த இடைவேளையிலெல்லாம் வகுத்து முடித்தார். எதிலும் மீதி பூஜ்யம் வரவில்லை.

ஆனால் தேநீரும் வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு தப்பாப் போட்டிருந்தாலும் மொத்தமும் போச்சே" என்று முகம் தொங்கிப்போனது. பார்சல்கள் பேச்சில்லாமல் பைக்குள் விழுந்தன. போதாக்குறைக்கு, கணக்குப் போட்ட நோட்டையும் காணவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மதியம், அவருடைய கணவரின் முடிதிருத்தும் கடையில் பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். "நீ ஏதாவது நம்பரையே கட்டியிருக்கலாம்" என்று இருபத்தைந்து வருடமாகக் கேலி செய்பவர் அவர். சாப்பாட்டுடன் அக்கா உள்ளே வந்ததும், சவரக்கத்தியை மூலையில் வைத்துவிட்டுத் துண்டுகளுக்கு அடியிலிருந்து அந்த நோட்டை உருவினார்.

"ஆள் இல்லாதப்பல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். 1471ல மீதி 1295. நீ 1259னு எழுதியிருக்க."

அக்காவின் முகம் வெளுத்தது. "அப்போ?"

"அப்போ என்ன, மீதி மீதிதானே? முந்நூத்தி அறுபதுலயும் உடையல. அசல் பகா எண்தான்! இன்னொண்ணும் இருக்கு. வெட்டுறது என் தொழிலாச்சே, இதையும் ரெண்டா வெட்டினேன். 588, 2353. ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கி, ரெண்டையும் கூட்டு."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு அக்கா கண்ணாடி மேடையில் குனிந்தார். 345744. 5536609. வலமிருந்து இடமாகக் கூட்டக் கூட்டக் குரல் ஏறியது. "மூணு... அஞ்சு... மூணு... ரெண்டு... எட்டு... எட்டு... அய்யோ, அஞ்சு! வெட்டிப் போட்டாலும் அதுவாவே எழுந்து நிக்குதுங்க!"

என்னை யாரும் கவனிக்கவில்லை. கணவரைத் தோளைப் பிடித்துப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்த்தி, அவர் கால்கள் தரையை விட்டு எழும்ப, இரண்டு கையாலும் அதைச் சுற்றிவிட்டார் அக்கா.