ஷாத்லியின் பிரஷரும் நப்ராவின் கல்யாணமும்

அஸ்வானில் எங்கள் தெருவில் நப்ரா வீட்டுக் கர்கதேயை ஒரு வாய் குடித்தால் போதும், அவள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துவிடும். காய்ந்த செம்பருத்தியில் போடுகிற அந்தச் சிவப்புத் தேநீர் ஜில்லென்று இறங்கினால் பிரஷர் இறங்கும், சூடாக இறங்கினால் ஏறும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. "சூடோ ஜில்லோ, ரெண்டும் ஒண்ணுதாம்மா, கொஞ்சம் இறக்கத்தான் செய்யும்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். யார் கேட்டது? பிடித்தவர்களுக்கு நப்ரா ஜில்லென்று கொடுப்பாள். புறணி பேச வரும் என் நாத்தனாருக்கு ஆவி பறக்கும். எதிர்வீட்டுக்காரியான எனக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது.

நப்ரா நாற்பது வயதில் விதவையானாள். அவள் அண்ணன் ஷாத்லி, பழைய குதிரை வண்டிக்காரர். பெண்டாட்டி செத்துப்போனதிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. தெருவே கேட்க மார்தட்டுவார். "மாத்திரையா? த்தூ! என் தங்கச்சி கையால ஒரு டம்ளர் கர்கதே. அதான் என் டாக்டர்!"

நப்ராவைப் பெண் கேட்டு யார் வந்தாலும் அதே பாட்டுதான். "அவ போயிட்டா என் பிரஷரை யாருய்யா பார்க்கிறது? என்னைப் புதைச்சிட்டு அவளைக் கட்டிக்கிட்டுப் போ." வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நப்ரா நினைத்தால் தானே போய்க் கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம்தான். ஆனால் அண்ணன் வாயால் சரி என்று வராத கல்யாணத்துக்கு எங்கள் தெருவில் ஒரு காக்கா வராது.

இந்தத் தடவை கேட்டது அக்கரைக்குப் படகு ஓட்டும் கிதிர். நப்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இந்த மனுஷன் வேணும்டி. படகுல ஏறினா சிரிக்க வைக்கிறாரு. நான் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு!"

நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

அண்ணனைக் குளிர வைத்துவிட்டால் தலையாட்டிவிடுவார் என்பது அவள் கணக்கு. கிதிர் வருகிற அன்று என்னையும் துணைக்கு வைத்துக்கொண்டு, காலையிலிருந்தே அவருக்கு ஜில் கர்கதேயை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மனிதரும் சளைக்காமல் குடித்தார். ஓசியில் கிடைத்தால் நைல் நதியையே குடிப்பவர்.

கிதிர் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியில் வந்து உட்கார்ந்து, "நப்ராவை எனக்கு..." என்று ஆரம்பித்தார். "முடியாது!" என்று கத்த எழுந்த ஷாத்லி, பாதியிலேயே மாவு மூட்டை மாதிரி சரிந்தார்.

"ஐயோ, என் அண்ணனைக் கொன்னுட்டேனே!" என்று நப்ரா அலறிக்கொண்டு சூடாகப் போட உள்ளே ஓடினாள். கிதிர் அவர் காலைத் தூக்கிப் பிடித்தார். முகம் துடைக்கத் துணி இருக்குமா என்று நான் ஷாத்லியின் பைக்குள் கையை விட்டால், வந்தது பாதி காலியான மாத்திரை அட்டை. என் வீட்டுக்காரர் போடுகிற அதே பிரஷர் மாத்திரை! இந்த மாத்திரையோடு கர்கதேயையும் குடம் குடமாகக் குடித்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று மருந்துக்கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

ஷாத்லி கண் திறந்தார். அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஏன் அண்ணே, உங்க டாக்டர் பைக்குள்ளயா குடியிருக்காரு?"

நப்ரா சூடான டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். நானாக இருந்தால் அதை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"எவ்வளவு நாளா அண்ணே?"

"ரொம்ப நாளா."

"அப்போ என்னை எதுக்குப் பிடிச்சு வெச்சே?"

அந்த மீசைக்காரர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தனியா உக்காந்து சாப்பிட முடியலடி."

எனக்கே பாவமாகிவிட்டது, சனியன். நப்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் சோத்துக்கு எங்க வீட்டுக்கு வா. இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கர்கதே மட்டும் நீயே போட்டுக்க. பூவை ஒரு கை அள்ளி அலசி, பச்சத்தண்ணில ராத்திரி ஊறப் போடு. காலைல வடிகட்டு. டாக்டரைக் கேட்டுட்டு ஒரு டம்ளரோட நிறுத்து. அம்புட்டுத்தான். இதுக்கு ஒரு தங்கச்சி காவல் இருக்கணுமா?"

ஷாத்லி என்னைப் பார்த்தார், கிதிரைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"சக்கரை எவ்வளவு போடணும்?" என்றார்.

ஒரு அண்ணன் சம்மதம் சொன்ன லட்சணத்தைப் பாருங்கள்! இதற்கு மேல் எதற்குக் காத்திருப்பது என்று தெருவே அதிரக் குலவையிட்டேன்.