ஓரப்பார்வையில் ஒஸ்லோ

ஒபரா மாளிகை திறக்கப்பட்ட ஆண்டின் கோடையில், ஒரு நாள், என் மனைவியும் நானும் ஒஸ்லோவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். நகரின் ஓரத்தில் இருக்கும் ஸ்டோவ்னரில் குடியேறி அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் வந்த மறுநாளே பார்த்துவிடும் இடங்களில் ஒன்றைக்கூட மனைவி அதுவரை பார்த்ததில்லை. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் உறவினர் வருவது கோடையில். அவர் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் நோர்வேக்காரர் எல்லோரும் விடுப்பில் போவதும் கோடையில். அவர்களுடைய வேலையையும் சேர்த்து அவர் செய்வார். விருந்தினரை அழைத்துக்கொண்டு நான் போவேன். அவர்கள் எடுத்து வரும் படங்களை இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்பார். எது எந்த இடம் என்று என்னைவிட ஒழுங்காகச் சொல்வார்.

தானும் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டது, கண் பழுதடையத் தொடங்கிய பிறகு. நடுப்பார்வை மெல்ல அழியும், ஓரப்பார்வை எஞ்சும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல இயலாது என்று மருத்துவர் முதற் சந்திப்பில் எங்கள் இருவருக்கும் விளக்கியிருந்தார். அடுத்த பரிசோதனைக்கு அவர் தனியாகப் போனார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"அப்பிடியேதான் கிடக்காம்," என்றார். சில நாள் கழித்து, "விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டு போறமாதிரி என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டார் என்பது ஒரு காரணம். அவருக்கு இன்னும் எவ்வளவு தெரிகிறது என்பதை அந்த ஒரு நாளில் கண்டறிந்துவிடலாம் என்பது மற்றது. நான் பௌதிகம் படித்தவன். யாழ்ப்பாணத்தில் அதைக் கற்பித்தும் இருக்கிறேன். அளவு தெரியாத ஒன்றோடு ஒரே வீட்டில் வாழ்வது எனக்குக் கடினமாக இருந்தது.

பாணுக்குள் முட்டைப்பொரியல் வைத்து, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீரும் எடுத்துக்கொண்டு, சுரங்க ரயிலில் புறப்பட்டோம். முதலில் சிற்பப் பூங்கா. அதன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில், கோபத்தில் காலை உதைத்து நிற்கும் சிறுவனின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. எங்கள் விருந்தினர் எல்லோரும் அதன் அருகே நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அன்று அங்கே சிறு கூட்டம் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் விலகியதும் மனைவியை அதன் முன்னே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இந்தப் பொடியனைப் பாரும். என்ன செய்யிறான்?"

அவர் நேராக நிமிர்ந்து பார்த்தார். "கோவத்திலை காலைத் தூக்கிக் குத்துறான். கையை இறுக்கிப் பொத்தி வைச்சிருக்கிறான். எங்கடை மச்சாளின்ரை கடைக்குட்டியேதான்."

"வேறை?"

"வேறை என்ன? வாயைப் பிளந்து கத்துறான். உடம்பிலை ஒட்டுத்துணி இல்லை."

சிலையின் தலையில் யாரோ ஒரு மஞ்சள் மழைத்தொப்பியை மாட்டியிருந்தார்கள். அது சிறுவனின் கண்வரை இறங்கியிருந்தது. கூட்டம் சிரித்தது அதைப் பார்த்துத்தான். என் மனைவி கையெட்டும் தூரத்தில் நின்று, தான் பல தடவை படத்தில் பார்த்திருந்த சிலையை எனக்கு விவரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன்.

நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விடை கிடைத்தால் அதை இன்னொரு முறை சரிபார்ப்பது என் பழக்கம். மேட்டின் உச்சியில் உள்ள கல்தூணில் மனித உடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அதைக் கேட்டபோது, "ஆளுக்கு மேலை ஆள் ஏறி நிக்கினம். நாங்கள் வந்த புதுசிலை பதிவு அலுவலகத்திலை நிண்ட வரிசை மாதிரி," என்றார். ட்ராமில் நகர மண்டபத்துக்கு வந்தோம். கோபுரத்து மணிக்கூட்டைக் காட்டி நேரம் கேட்டேன்.

"கையிலை மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்றார்.

அங்கிருந்து கரையோரமாக ஒபராவுக்கு நடந்தோம். அதன் கூரை வெள்ளைச் சலவைக்கல்லால் ஆன பெரிய சரிவு. கடல்மட்டத்திலிருந்து உச்சிவரை யாரும் ஏறிப் போகலாம். நடுப்பகல் வெயிலில் எல்லாம் ஒரே வெண்மையாக இருந்தது. கற்களுக்கிடையே ஆங்காங்கே ஒரு சிறு உயர வேறுபாடு உண்டு. அப்படியொன்றில் அவருடைய கால் தட்டுப்பட்டது. முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சோதினை முடிஞ்சுதோ, புரொபெசர்?" என்று கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாஸோ, பெயிலோ?"

"பொடியன்ரை தலையிலை தொப்பி இருந்தது," என்றேன்.

அவர் சிரித்தார். "ஆர் போட்டது?"

"தெரியாது."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நேரே பாத்தால் நடுவிலை எனக்கு ஒண்டும் இல்லை. சாம்பல் பூசினமாதிரித்தான் கிடக்கு. கொஞ்சம் தள்ளிப் பாத்தால் தெரியும். வீட்டிலை அப்பிடித்தான் சமைக்கிறன். நீங்கள் பக்கத்திலை நிண்டு 'பாரும், பாரும்' எண்டால் நான் நேரே பாக்காமல் என்ன செய்யிறது? உங்களுக்காகப் பாத்துப் பாத்து, காலமையிலை இருந்து நான் ஒண்டையும் பாக்கேல்லை."

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"பாருங்கோ, திரும்பவும் கேள்வி."

"இனிக் கேக்கேல்லை."

"அப்ப அங்காலை போய் நில்லுங்கோ. நான் இப்ப பாக்கப்போறன்."

சரிவில் சற்றுக் கீழே போய் நின்றேன். அவர் முகத்தைக் கரையோரத்துப் பழைய கோட்டையின் பக்கம் திருப்பினார். அப்போதுதான் ஃபியோர்ட், எதிரே கிடந்த அந்தக் கடற்கழி, அவருடைய கண்ணின் ஓரத்துக்கு வந்தது. பிறகு ரயில் நிலையத்துப் பாரந்தூக்கிகளின் பக்கம் திருப்பி, மலைகளைப் பார்த்தார். கடந்து போனவர்களுக்கு, காட்சி பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணாக அவர் தோன்றியிருக்கக் கூடும்.

"அங்கை ஒரு பாய்க்கப்பல் வருது. பின்னாலை சின்னன் ஒண்டும் வருது," என்று உரக்கச் சொன்னார்.

பெரியதை மட்டுமே நான் கண்டிருந்தேன். மறுபடி பார்த்தேன், சின்னதும் வந்துகொண்டிருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். நாங்கள் போக நினைத்திருந்த படகு புறப்பட்டுப் போனது. பாணை அங்கேயே இருந்து சாப்பிட்டோம். அதன்பின் அவர் நான்கு கோடைகள் உயிரோடிருந்தார். இறந்தது வேறு நோயில். அந்த ஆண்டுகளில் அவருடைய பார்வையைப் பற்றி நான் கேட்டதில்லை. சொல்ல நினைத்தபோது அவரே சொன்னார்.

சாப்பிட்டு முடிந்ததும், "இஞ்சருங்கோ, முன்னாலை வந்து இருங்கோ," என்றார். வெயிலைப் பார்த்தபடி அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவருடைய கண்கள் என்னைத் தாண்டி எங்கோ நிலைத்தன.

"எங்கை பாக்கிறீர்?"

"உங்கடை காதை. அப்பத்தான் முகம் தெரியும். கதையாதேங்கோ, ஆடுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்களைச் சுற்றி ஆட்கள் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தார்கள்.

"நல்லா மெலிஞ்சு போனியள்," என்றார்.

அவர் தலையைத் திருப்பும்வரை நான் அசையாமல் இருந்தேன்.